ஆண்ட்ரூஸின் கெட்ட பழக்கம்

“கஞ்சா இழுப்பான் சார்” என்றாள் அன்னமேரி, உப்பு வாரும் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு.

ஏட்டு பக்தவச்சலத்தின் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருட சர்வீசில் பெற்ற தாய் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. கொலை செய்தவனின் அம்மாகூட, எறும்பை மிதிக்கமாட்டான் என்றுதான் சொல்வாள்.

அவள் மகன் ஆண்ட்ரூஸ் பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவுக்குத் தேர்வாகியிருந்தான். ரகசியச் செய்திகள் போய்வரும் இடம். ஆளுக்கு எந்தக் காலத்திலும் போதைப் பழக்கம் இருந்ததில்லை என்று போலீஸ் விசாரித்து எழுதினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். மரக்காணத்துக்கு மாற்றலாகி வந்த ஏட்டுக்கு இந்த ஊரில் இதுதான் முதல் விசாரணை.

“எப்ப இழுத்தான்? காலேஜ் படிக்கிறப்பவா?”

“ஆமா சார்.”

“தெரியாத வயசுல ஒரு தடவ, ரெண்டு தடவன்னா பெரிசு பண்ணமாட்டாங்கம்மா. அப்புறம் விட்டுட்டான்ல?”

அன்னமேரியின் முகம் மாறியது. “எங்க விட்டான்? இன்னிக்குக் காலையிலகூட இழுத்தான்.”

“நீ பாத்தியா?”

“நான்தான் சார் வத்திப்பெட்டி எடுத்துக் குடுத்தேன்.”

ஏட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “யாரு குடுக்கறது அவனுக்கு?”

“குயிலாப்பாளையத்துல ஒரு வெள்ளைக்காரன்.”

“பேரு?”

கொஞ்சம் யோசித்தாள். “ஜானு.”

“கஞ்சா வாசன எப்படிம்மா இருக்கும்?”

“கோயில்ல பூசைக்கு சாம்பிராணி போடுவாங்கல்ல, அப்படி.”

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த கலியமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. “யாரு, ஆண்ட்ரூஸா? பீடி நாத்தத்துக்கே வாந்தி எடுக்கிற புள்ள சார் அது.”

“நீ உன் பாத்தியப் பாருண்ணா” என்றாள் அன்னமேரி. கலியமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குனிந்து மறுபடி உப்பை வாரத் தொடங்கினார்.

அவள் ஏட்டிடம் திரும்பினாள். “அடுத்து டீக்கடையில கேப்பீங்க. அப்புறம் பங்குச் சாமியார்கிட்ட போவீங்க. தங்கமான புள்ளன்னுதான் சொல்லுவாங்க. நம்பாதீங்க சார்.”

“நான் எங்கெங்க போவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அன்னமேரி முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

ஏட்டு தூரத்தில் பார்த்தார். சுனாமிச் சேற்றை அள்ளி, அந்த வருஷம்தான் மறுபடி உப்பு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கே உப்பு அம்பாரத்தை ஓலையால் மூடிக்கொண்டிருந்தான் ஆண்ட்ரூஸ். விசாரணைக்கு ஆள் வருகிறது என்பதற்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். உப்பளத்தில் அப்படி ஒருவனை உப்பே பார்த்திருக்காது. இவர்கள் பார்ப்பதைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நின்றான், பட்டாளத்தில் சேர்ந்தே விட்டவன் மாதிரி. அவன் தேர்வான சேதி அனுமந்தை வரைக்கும் பரவி, பெண் கொடுக்கக்கூட ஆள் வந்தாயிற்று.

ஏட்டு பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரும்மா. புள்ள மேல கோவம்னா வூட்டுல வெச்சுத் திட்டு. நீ சொல்றத எழுதினா இந்த வேல போயிடும். வேற கவர்மெண்ட் வேலையும் கிடைக்காது. கடைசி வரைக்கும் இந்த வெயில்ல உப்புதான் வாருவான்.”

“வாரட்டும் சார்.”

“அவன் இன்னா பாவம் பண்ணான்? பெத்த புள்ளையப் பத்தி இப்படிக் கூசாம பொய் சொல்றியேம்மா.”

அன்னமேரி பலகையைக் கையில் எடுத்தாள். ஆண்ட்ரூஸ் இன்னும் விறைப்பாகவே நின்றுகொண்டிருந்தான்.

“பெரியவனுக்கும் இதே மாதிரி பட்டாளத்துக்கு விசாரிக்க வந்தப்ப உண்மையத்தான் சார் சொன்னேன். பெட்டியில வந்தான்.”