இடது பக்கத்து ஃப்ரில்

“இதுக்குப் பேரு தையலா? கோணி தைக்கிறவங்ககூட ரெண்டு பக்கமும் ஒண்ணா தைப்பாங்க!”

கல்யாணப் பெண் போட்ட சத்தத்தில், தையல் கடையில் காத்திருந்த நாலு பேரும் செல்போனிலிருந்து நிமிர்ந்தார்கள்.

கண்ணாடி முன்னால் கவுனோடு நின்ற அவளுடைய அண்ணி கூனிக் குறுகிப் போனாள். கவுனின் வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் மட்டும் மார்புக்கு மேலே ஏறி, தையல் தெறிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு தடவை பிரித்துத் தைத்தும் அதே கோலம்தான்.

கடைக்கார டெய்லர் அக்காவுக்கு முப்பது வருஷ அனுபவம். தப்பை ஒத்துக்கொண்ட சரித்திரமே கிடையாது. ‘என் டேப் பொய் சொல்லாதும்மா, நடுவுல நீதான் ரெண்டு கிலோ ஏத்திட்டே’ என்று வந்தவர்கள் தலையிலேயே பழியைக் கட்டிவிடுவாள். இன்றைக்கு நல்ல வேடிக்கை இருக்கிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து அண்ணியின் கண்கள் கெஞ்சின.

“என் தப்புதான்மா. அளவு எடுக்கறப்போ கவனம் பிசகிடுச்சு.”

காத்திருந்தவர்களில் ஒருத்தி தான் கொண்டுவந்த துணியை மெல்லப் பைக்குள் திணித்துக்கொண்டு, “அப்புறமா வரேங்க்கா” என்று நழுவினாள்.

“மூணு தடவை பிசகுமா?” கல்யாணப் பெண் விடவில்லை.

“வேணும்னா இடது தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரு ஃப்ரில் வச்சுடறேன். கோணல் தெரியாது.”

“ஃப்ரில்லா? கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்துக்கு என்னையும் சேர்த்து வீட்டுல ஆறு பேருக்கும் ஒரே துணி, ஒரே தையல்னு சொன்னேனா இல்லையா? அண்ணிக்கு மட்டும் ஃப்ரில் வச்சா, பார்க்கறவங்க என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்க? முடியவே முடியாது! அண்ணி, கழட்டிட்டு வாங்க. நான் கார்ல இருக்கேன்.”

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

துணி மாற்றும் அறைக்குள் போன அண்ணி வெளியே வரவில்லை. அக்கா திரையை விலக்கி உள்ளே போனாள். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“எப்போ ஆபரேஷன் பண்ணிக்கிட்டே?” அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அண்ணி திடுக்கிட்டாள். பிறகு சொன்னாள். “அஞ்சு மாசம் ஆச்சுக்கா. ஆபீஸ்ல டிரெயினிங்னு வீட்டுல சொல்லிட்டுப் போனேன். யாரும் சொல்லிப் பண்ணல, எனக்கே ஆசை. வயசு வந்ததுலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னாலே மார்பு சின்னதா இருக்கேன்னு ஒரு குறை. இப்ப ரெண்டு பக்கமும் ரெண்டு தினுசா நிக்குது. இடது பக்கம் உள்ளே வச்ச சிலிக்கான் கல்லா இறுகிப்போச்சு. வலி வேற.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“போகப் போக சரியாயிடும்னார்.”

அக்கா அளவு நோட்டை விரித்தாள். “இங்க பாரு. போன மாசம் எடுத்ததுக்கும் இன்னிக்கு எடுத்ததுக்கும் இடது பக்கம் முக்கால் இஞ்ச் வித்தியாசம். துணியா இருந்தா நானே பிரிச்சுத் தச்சுடுவேன். இது வேற நல்ல டாக்டர் பார்க்க வேண்டிய சமாச்சாரம்.”

“போனா வீட்டுல தெரிஞ்சிடும்க்கா. இந்த நாத்தனார் வாயைப் பார்த்தீங்கல்ல? மேடையில மைக் வச்சு சொல்லிடுவா.”

அக்காவால் மறுக்க முடியவில்லை. அவளே அந்த வாயில் இப்போதுதான் அரைபட்டு வந்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால், வாசலில் அதே கல்யாணப் பெண். தனியாக. கையில் பெரிய பை.

“வா தாயே! நேத்து திட்டினதுல ஏதாவது விட்டுப்போச்சா?”

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். குரல் இறங்கியிருந்தது.

“மன்னிச்சுக்குங்கக்கா. நான் கத்தாம இருந்திருந்தா, அந்த நாலு பேரும் அண்ணியைப் பார்த்திருப்பாங்க. கத்தினதால கவுனைப் பார்த்தாங்க.”

அக்கா கையிலிருந்த சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“ஒரே வீட்டுலதானே இருக்கோம்? ஒரு பாத்திரத்தைக்கூட இடது கையால தூக்க மாட்டேங்கறாங்க. ஒருநாள் துணி மடிக்கறப்போ ஆஸ்பத்திரிச் சீட்டு கீழே விழுந்தது. எடுத்து அதே இடத்துல வச்சுட்டேன். நான் போய்க் கேட்டா கூசிப்போயிடுவாங்க. நேத்து பழியை நீங்க ஏத்துக்கிட்டப்போதான், உங்களுக்கும் புரிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சுது.”

ஒரு காகிதத்தை நீட்டினாள்.

“இவங்க பெரிய டாக்டர். திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கேன். நீங்களே விசாரிச்சுச் சொன்ன மாதிரி அண்ணிகிட்ட குடுத்துடுங்க. அன்னிக்கு நான் வீட்டுல எல்லாரையும் விருந்து ஹாலைப் பார்க்க இழுத்துட்டுப் போயிடறேன்.”

நேற்று முழுக்க இவளை மனசுக்குள் வைது தீர்த்தது ஞாபகம் வந்து அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. சமாளித்துக்கொண்டு கேட்டாள்.

“அது சரி, அந்தக் கவுனை என்ன பண்றது? ஃப்ரில் கூடாதுன்னுட்டே.”

“அண்ணிக்கு மட்டும் கூடாதுன்னேன்” என்ற கல்யாணப் பெண், பையிலிருந்த மீதி ஐந்து கவுன்களையும் மேஜைமேல் கொட்டினாள்.

“ஆறுலயும் வைங்க. என்னோடதுலேர்ந்து ஆரம்பிங்க.”