சங்கிலி இல்லாத வட்டம்

நாய்களை அவிழ்த்துவிடலாம் என்று பலகை வைத்திருக்கிற ஏரிக்கரைப் புல்வெளி. காலை வெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்க, கண் கூசுகிறது. தையற்காரி தன் நாயின் கழுத்துவாரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்கிறாள். முன்பு வளர்த்தவர்கள் வீட்டில் ஆண்டுக்கணக்காகச் சங்கிலியில் கட்டிக்கிடந்த நாய் அது. மற்ற நாய்கள் பந்தின் பின்னால் பறக்கின்றன. இதுவோ பழைய சங்கிலியின் நீளத்துக்கே சுற்றிச் சுற்றி வருகிறது, அதைத் தாண்டிக் கால் வைக்கவில்லை.

"இது இனிமே எங்கடி ஓடப்போகுது?" என்கிறார் பஸ் ஓட்டும் கணவர்.

"நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஓடத் தொடங்குகிறாள். செருப்பு ஒன்று பின்தங்கிவிடுகிறது. "வாடா தங்கம், என்னைப் பிடி பாப்போம்!" நாய் வட்டத்தின் விளிம்பில் நின்று முனகுகிறது. ஒரு முன்காலை அப்பால் எடுத்து வைத்துப் பார்க்கிறது. கழுத்தை எதுவும் இழுக்கவில்லை. அடுத்த கணம் காதுகள் பின்னால் படிய, புல்லின் ஈரம் சிதற, அவளையும் முந்திக்கொண்டு பாய்கிறது. அவள் சிரிப்புத் தாளாமல் புல்லிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

"கூப்பிடுடி அவனை! ஏரியையே சுத்திட்டு வந்துடுவான்போல!"

"சுத்தட்டும் விடுங்க. எத்தனை வருஷத்து ஓட்டம் பாக்கியிருக்கு!"