கருநாக்கு

“அவுட்!” என்றாள் அம்மா, சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்தபடி.

“வாயைக் கழுவும்மா! நல்ல நேரத்துல...” என்று மகன் சொல்லி முடிப்பதற்குள், சுவரையே அடைத்துக்கொண்டிருந்த பெரிய டீவியில் ஸ்டம்ப் பறந்தது. மருமகள் வாயைப் பிளந்தாள்.

“அத்தைக்குக் கருநாக்குங்க!”

கருநாக்காவது மண்ணாவது, இது பந்தயம். காலையில் மகன்தான் ஆரம்பித்து வைத்தான். மொட்டைமாடி ஆன்டெனாவைப் பிடுங்கி, சமையலறை மூலையில் இருக்கும் பழைய டீவியோடு சேர்த்து நாளைக்கே இரும்புக் கடையில் போடப்போகிறானாம்.

“ஊரே நெட்ல பாக்குது. அந்த ஓசி டீவியில என்னம்மா வருது?”

“நீ மாசாமாசம் பணம் கட்டிப் பாக்குற இதே மேட்ச்தான்டா வருது. உன்னோடதைப் போடணும்னா பாஸ்வேர்டு கேட்டு உன் முன்னாடி கை கட்டி நிக்கணும். எனக்கு அந்தத் தலையெழுத்து வேணாம்!”

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “கடைசி ஓவர்ல ஆறு பந்தும் என்ன ஆகும்னு முன்னாடியே சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் ஆன்டெனாவை நானே கழட்டித் தர்றேன். எல்லாம் சரியா இருந்தா நீ அது மேல கை வைக்கக் கூடாது!”

அவனும் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தான். முதல் பந்திலேயே அந்தச் சிரிப்பு போய்விட்டது.

சமையலறையில் டங் டங்கென்று சத்தம். “என்னிக்கும் இல்லாத திருநாளா மாமா பாத்திரம் தேய்க்கிறாரே, போய்ப் பாக்கவா அத்தை?”

“அவர் தேய்க்கட்டும், நீ உக்காரு. அடுத்தது நாலு!”

நாலேதான். மூன்றாவது பந்துக்கு “ஒண்ணுமில்ல” என்றாள். பேட்ஸ்மேன் காற்றைத்தான் அடித்தான். நான்காவதும் ஐந்தாவதும்கூட அவள் சொன்னபடியே நடந்தன.

“மந்திரம் கிந்திரம் கத்துக்கிட்டியாம்மா?” என்றான் மகன். அவனுக்கு வேர்த்துவிட்டது.

கடைசிப் பந்து. நாலு அடித்தால்தான் வெற்றி. அம்மா கண்ணைத் திறந்து சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே பாத்திரச் சத்தமே இல்லை.

“சொல்லும்மா! நாக்கு ஒட்டிக்கிச்சா? சொல்லலேன்னா நீ தோத்த. விடிஞ்சதும் ஏணியைப் போட்டு ஏறிடுவேன்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. பெரிய டீவியில் பவுலர் அப்போதுதான் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

துளிகூட நனையாத தட்டும் கரண்டியுமாகக் கூடத்துக்கு ஓடி வந்தார் அப்பா.

“சிக்ஸர்டா, சிக்ஸர்! என்னடா, உங்க டீவியில இன்னுமா பந்து போடல? எங்க ஆன்டெனாவுல மேட்சே முடிஞ்சு போச்சு!”