கொத்தமல்லிக்குள் இரண்டு புழுக்கள்

ஒரு கொத்தமல்லி விதைக்குள் இரண்டு அறைகள். அறைக்கொன்றாகக் குட்டிக் குளவியின் புழுக்கள் இரண்டு குடியிருந்தன. அக்கா அளந்து தின்பாள். தங்கையோ சுவர்வரை வழித்துத் தின்பாள்.

“வீட்டையே காலி பண்ணாதேடி! கனம் குறைஞ்சா முறத்துல நிக்க மாட்டோம். குப்பையோட குப்பையா வீசிடுவாங்க.”

“பசிக்குதே அக்கா!”

மறுநாளே அந்த வீட்டுப் பெண்கள் கொத்தமல்லியைப் புடைத்தார்கள். கனத்த விதைகளெல்லாம் முறத்தில் தங்கின. இவர்களுடையது தூசியோடு பறந்து வேலியோரம் விழுந்தது.

“மானம் போச்சு! எல்லாம் உன் வாயால வந்தது,” என்று அக்கா அழுதாள்.

சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து கொத்தமல்லி வறுபடும் வாசம் கமகமவென்று வந்தது. அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. போன உயிர் திரும்பியவளாக மூச்சுவிட்டாள்.

“ஏண்டி, இன்னும் பசிக்குதா? இங்கே கொஞ்சம் மிச்சமிருக்கு. சுவரைக் குடைஞ்சுக்கிட்டு வா.”