லண்டனிலிருந்து வந்த வைத்தியர்

ஹார்ட்வெல் பிரபு செத்தால் அவருடைய பதவி மெர்ட்டன் பிரபுவுக்கு என்று ராஜா முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அந்த மெர்ட்டன்தான், எங்கள் பிரபுவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் லண்டனிலிருந்து தன் சொந்த வைத்தியரை அனுப்பிவைத்தார்.

“என்னைச் சீக்கிரம் அனுப்பிடப் பாக்குறான். முதல்ல நீ குடி, ஹாப்,” என்றார் பிரபு.

அவர் சாப்பாட்டை ருசி பார்ப்பது என் வேலை. ஏழு நாளும் வைத்தியர் தந்த கஷாயம் முழுவதையும் நானே குடித்தேன். எனக்கு இருபது வருஷத்து இருமல் நின்றுபோனது.

“மெல்லக் கொல்ற விஷமா இருக்கும்,” என்றார் பிரபு.

எட்டாம் நாள் வைத்தியர் அழாத குறையாகச் சொன்னார்: “தயவுசெஞ்சு குடிங்க, பிரபு. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க எஜமான் என்னைச் சும்மா விடமாட்டார். ஸ்காட்லாந்து எல்லையைக் காக்க அடுத்து அவர்தானே வரணும்? நீங்க படுத்ததுலேருந்து அவருக்குத் தூக்கமே இல்லை.”

எல்லைச் சண்டையில் மிஞ்சிய ஒற்றைக் கையால் பிரபு கோப்பையை வாங்கினார். வாய்வரை கொண்டுபோய், கொஞ்சம் யோசித்து, என்னிடமே நீட்டினார்.

“நீயே குடி, ஹாப். அவன் இன்னும் ஒரு வாரம் தூங்காம கிடக்கட்டும்.”