முப்பத்தொன்பது சரியான விடைகள்

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. மதிப்பெண் போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அதற்கு நினைப்பு. அன்று ஊசல் சோதனை எழுதிய நாற்பது ரெக்கார்டு நோட்டுகள் அதன் முன்னே வந்தன. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று விடை இருந்தால் இருபதுக்கு இருபது. அதற்கு மேல் உள்ளே படித்துப் பார்க்கும் வழக்கம் பேனாவுக்கு இல்லை. முப்பத்தொன்பது நோட்டுகளிலும் 9.8 இருந்ததால் ஒரே மூச்சில் முடித்துவிட்டது.

கடைசி நோட்டு ரோஸ்லினுடையது. அதில் 9.3 என்று இருந்தது. இதில் தவறினால் அவள் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. பேனா யோசிக்காமல் பெரிய சுழி ஒன்று போடக் குனிந்தது.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க," என்றது மேசையில் கிடந்த நிறுத்துக் கடிகாரம். "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் நிமிஷத்துக்கு ஒன்றரை விநாடி முந்தி ஓடுறேன். என்னை வச்சு அளந்தா 9.3தான் வரும். நான் காட்டினதை அவ அப்படியே எழுதியிருக்கா."

பேனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபதுக்கு இருபது போட்டது. அப்புறம்தான் அதற்கு உறைத்தது.

"மத்தப் பிள்ளைங்க எந்தக் கடிகாரத்துல நேரம் பார்த்தாங்க?"

"இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன், அண்ணே!"

பேனா அந்த முப்பத்தொன்பது நோட்டுகளையும் ஒரு தடவை பார்த்தது. பிறகு மூடியைத் தேடி எடுத்து இறுக்கி மாட்டிக்கொண்டது.

"எனக்கு மை தீர்ந்துபோச்சு, தம்பி."