வெட்டாத கோடு

கரண்ட் போனதால் தையல் மிஷின் ஓய்ந்திருக்கிறது. வாசல் வெளிச்சம் விழும் மேசையில் மிஞ்சிய கறுப்புத் துணியை விரித்து, தையல்காரி சாக்கட்டியால் வட்டம் ஒன்று போடுகிறாள். அதன் குறுக்கே ஒரு சாய்கோடு. கோணிவிட்டது, உள்ளங்கையால் தேய்த்து அழித்து, உதட்டைக் கடித்தபடி மறுபடி இழுக்கிறாள். துணி வெட்டும் கணவன் எட்டிப் பார்க்கிறான். "என்ன, கழுத்தா?" "இல்ல." "அப்போ காலரா?" "ஒண்ணும் இல்ல. சும்மா இருங்க." சாக்கட்டிக் கோட்டைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது, கத்தரியை எடுத்து வட்டத்தின் ஓரத்தில் வைத்துவிடுகிறான். வெள்ளைப் பொடி படிந்த கையை அவள் படக்கென்று குறுக்கே வைக்கிறாள். "கையை எடு, வெட்டிடப் போறேன்." "எடுக்க மாட்டேன். இது வெட்டுறதுக்கு இல்ல, பாக்குறதுக்கு." கத்தரியும் அவனும் வாயைப் பிளந்தபடி நிற்க, அவள் அடுத்த கோட்டை இழுக்கிறாள்.